1961 மோரிஸ் மைனர்: எந்த இன்ஜின் ஆயில் ஊற்றுவது?

மைனர்948 எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவின் மோரிஸ் மைனர் இப்போது என் பொறுப்பில் இருக்கிறது. 1961 மாடல், நான்கு கதவு, 948 சிசி இன்ஜின். கண் பார்வை குறைந்ததால் அப்பா ஓட்டுவதை நிறுத்தி ஆறு வருடம் ஆகிறது. வண்டி மழை படாத இடத்தில்தான் நின்றது. பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் கொஞ்சம் ஆயில் விட்டு, இரண்டு நாள் ஊறவிட்டுக் கையால் சுற்றினேன். இன்ஜின் சிக்கியிருக்கவில்லை. அப்புறம் பேட்டரி, பெட்ரோல் லைன், கார்புரேட்டர் எல்லாவற்றையும் சரி பார்த்துவிட்டு ஸ்டார்ட் செய்தேன். உள்ளேயிருந்து சத்தம் கேட்டு அப்பா வெளியே வந்துவிட்டார்.

குழப்பமெல்லாம் ஆயிலில்தான். பழைய ஆயிலை வடித்துவிட்டுப் புதியது ஊற்ற ஒரு பட்டறையில் கொடுத்தேன். "இருப்பதிலேயே உயர்ந்தது இதுதான்" என்று சொல்லி 5டபிள்யூ-30 முழு சிந்தெடிக் ஆயிலை ஊற்றி, ஃபில்டரையும் மாற்றிக் கொடுத்தார்கள். அதன் பிறகு இரண்டு விஷயம் கவனித்தேன். அரை மணி நேரம் ஓட்டி இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு, வண்டி நின்று ஐடிலில் ஓடும்போது ஆயில் விளக்கு மினுக்கென்று எரிந்து அணைகிறது. ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் மிதித்தால் போய்விடுகிறது. இன்னொன்று, ராத்திரி நிறுத்தினால் காலையில் தரையில் உள்ளங்கை அளவுக்கு ஆயில். கியர்பாக்ஸும் இன்ஜினும் சேரும் இடத்துக்கு அடியில் ஒரு ஓட்டை இருக்கிறது, அதில் ஒரு கம்பிப் பின் தொங்குகிறது. சொட்டு அங்கிருந்துதான் வருகிறது. ஃபில்டர் பக்கமும் ஈரமாக இருக்கிறது.

கேட்ட இடத்திலெல்லாம் வேறு வேறு பதில். ஒருவர் 20டபிள்யூ-50 என்கிறார், இன்னொருவர் 15டபிள்யூ-40 டீசல் ஆயில் என்கிறார், மூன்றாமவர் தேய்மானத்தைத் தடுக்கும் ஜிங்க் மருந்து பாட்டில் ஒன்று வாங்கி இருக்கிற ஆயிலிலேயே கலந்துவிடச் சொல்கிறார். அப்பாவைக் கேட்டால் "கெட்டியா ஊத்து" என்று மட்டும் சொல்கிறார். எதைக் கேட்பது? ஏன் அது சரி என்பதையும் சொன்னால் நன்றாக இருக்கும். அடுத்த முறை நானே முடிவு செய்ய வேண்டும்.


ஒற்றைகிரேடு எழுதியது:

வண்டியோடு வந்த கையேட்டைப் பாருங்கள். 948 இன்ஜினுக்கு எஸ்.ஏ.இ 30 (ஆயிலின் கெட்டித்தன்மையைச் சொல்லும் எண்) என்று இருக்கும், கடுங்குளிருக்கு மட்டும் அதைவிட இளகியது. செய்தவனுக்குத் தெரியாததா நமக்குத் தெரியப்போகிறது? நான் என் வண்டிக்கு ஒற்றை கிரேடு 30 மட்டும்தான் ஊற்றுகிறேன். பன்னிரண்டு வருடமாக ஒரு குறையும் இல்லை. முதலில் அந்த 5டபிள்யூ-30ஐ வடித்துவிடுங்கள்.


புஷ்ராடு எழுதியது:

தம்பி, ஆயில் விளக்கு எரிகிறது என்று படித்ததுமே எழுத உட்கார்ந்துவிட்டேன். இதற்கு பதில் தெரியும் வரை வண்டியை ஓட்டாதீர்கள். நான் தொழில்முறை மெக்கானிக் இல்லை. ஆனால் உங்கள் 948உம் சேர்ந்த இந்த ஏ சீரிஸ் இன்ஜின் குடும்பத்தை முப்பது வருடமாக என் கையாலேயே பிரித்து மாட்டிக்கொண்டிருக்கிறேன். வால்வுகளைத் திறக்க வைக்கும் கேம்ஷாஃப்ட் ஒன்றைப் பலி கொடுத்துக் கற்றுக்கொண்டது இதெல்லாம்.

முதலில் அந்த எண்கள். டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் எழுத்து. அதற்கு முன்னால் உள்ள எண், ஆயில் குளிரில் எவ்வளவு சுலபமாகச் சுற்றவிடும் என்பதைச் சொல்கிறது. 20டபிள்யூ என்றால் மைனஸ் 15 டிகிரியில் சோதித்தது, 5டபிள்யூ என்றால் மைனஸ் 30இல். உங்கள் வண்டி உறைபனியில் நிற்காது என்றால் அந்த முன் எண்ணுக்காகக் கவலைப்பட வேண்டியதில்லை. பின்னால் உள்ள எண்தான் உங்கள் விளக்கின் கதை. 100 டிகிரி சூட்டில் ஆயில் எவ்வளவு கெட்டியாக நிற்கிறது என்பது அது. 30 கிரேடு என்றால் 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்ஸ் (கெட்டித்தன்மையின் அளவு). 50 என்றால் 16.3 முதல் 21.9. கிட்டத்தட்ட ஒன்றரை மடங்குக்கு மேல் வித்தியாசம்.

அறுபது வருடம் ஓடிய இன்ஜினில் பேரிங் இடைவெளி புதுசில் இருந்த மாதிரி இருக்காது. ஆயில் பம்ப் தள்ளுகிற ஆயில் அந்த இடைவெளி வழியாகச் சீக்கிரம் ஒழுகிப் போய்விடும். வேகமாகச் சுற்றும்போது பம்ப் ஈடுகொடுக்கும், ஐடிலில் முடியாது. சூட்டில் இளகிய ஆயில் என்றால் அழுத்தம் விழுந்து விளக்கு எரியும். இருந்தாலும் விளக்கை மட்டும் நம்பி முடிவு செய்யாதீர்கள். ஒரு பிரஷர் கேஜை இணைத்துப் பாருங்கள். இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு ஓட்டத்தில் அழுத்தம் 60 பி.எஸ்.ஐ பக்கத்திலும், ஐடிலில் 15க்குக் குறையாமலும் இருந்தால் பயமில்லை. சரியான ஆயில் ஊற்றிய பிறகும் அது வரவில்லை என்றால் கோளாறு ஆயிலில் இல்லை, பேரிங்கிலோ பம்பிலோ அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரிலீஃப் வால்விலோ இருக்கிறது. கெட்டி ஆயிலை ஊற்றி அதை மூடி மறைக்கக் கூடாது.

கையேட்டில் 30 என்று இருப்பது உண்மைதான், ஒற்றைகிரேடு நண்பர் சொன்னது தப்பில்லை. ஆனால் அந்தப் புத்தகம் அச்சானபோது 20டபிள்யூ-50 மாதிரி இரண்டு எண் உள்ள நல்ல மல்டிகிரேடு ஆயில் பரவலாகக் கிடைக்கவில்லை. அறுபதுகளில் 20டபிள்யூ-50 வந்த பிறகு இந்த இன்ஜின் குடும்பத்துக்கே அதுதான் வழக்கமானது. காலையில் ஸ்டார்ட் செய்யும்போது ஒற்றை கிரேடு 50 அளவுக்குக் கெட்டியாக இருக்காது, சூட்டில் 30ஐவிடக் கெட்டியாக நிற்கும். தேய்ந்த இன்ஜினுக்கு இரண்டுமே வேண்டும்.

இனி கேம்ஷாஃப்டுக்கு வருகிறேன். என்னைக் கேட்டால் ஆயில் விஷயத்தில் முக்கால்வாசி இதுதான்.

உங்கள் இன்ஜினில் கேமின் மூக்கு, வால்வைத் திறக்கும் புஷ்ராடைத் தூக்குகிற டேப்பட்டின் அடிப்பக்கத்தில் நேரடியாக உரசுகிறது. நடுவில் ரோலர் கிடையாது. வால்வு ஸ்பிரிங்கின் மொத்த அழுத்தமும் ஒரு கோடு அளவு இடத்தில் விழுகிறது. அந்த இடத்தில் ஆயில் படலம் பிதுங்கி வெளியே போய்விடும். அப்போது இரும்பை இரும்பு தின்னாமல் காப்பாற்றுவது ஆயிலில் கலந்திருக்கும் ஜிங்க், பாஸ்பரஸ் சேர்ந்த மருந்துதான். சூடும் அழுத்தமும் பட்டதும் அது உலோகத்தின் மேல் மெல்லிய தோலாகப் படிந்து, இரும்புக்குப் பதிலாகத் தான் தேயும். தேயத் தேய ஆயிலிலிருந்து மறுபடி படியும்.

அந்தப் பாஸ்பரஸ் புகைக்குழாயில் உள்ள கேட்டலிடிக் கன்வர்ட்டரைக் கெடுத்துவிடும் என்பதால் நவீன ஆயில்களில் அளவைக் குறைத்தார்கள். 2004இல் வந்த ஏ.பி.ஐ (அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனம்) எஸ்.எம் தரத்தில் பாஸ்பரஸின் உச்ச வரம்பு 0.08 சதவீதம். ஆனால் பலரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது: அந்த வரம்பு 5டபிள்யூ-30, 10டபிள்யூ-30 மாதிரியான இளகிய கிரேடுகளுக்குத்தான். 20டபிள்யூ-50க்கு அந்த உச்ச வரம்பு கிடையாது. அதனால் "புது ஆயிலில் எல்லாம் ஜிங்க் போய்விட்டது" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வது சரியில்லை. டின்னின் முன்பக்க விளம்பரத்தை விட்டுவிட்டு, தயாரிப்பாளரின் தகவல் தாளை எடுத்து பாஸ்பரஸ் எவ்வளவு என்று பாருங்கள். 0.10 முதல் 0.12 சதவீதம் இருந்தால் எனக்குத் திருப்தி. பழைய கார்களுக்கென்றே விற்கும் 20டபிள்யூ-50 கிடைத்தால் யோசிக்காமல் வாங்குங்கள்.

என் கேம் போன கதை இது. ஒரு 1098 சிசி இன்ஜினை முழுவதும் பிரித்து, ரீபோர் செய்து (சிலிண்டர்களைக் குடைந்து), புதுக் கேம், புது டேப்பட் போட்டேன். அந்த நேரத்தில் கிடைத்ததிலேயே புதிய தரம் என்று எழுதியிருந்த இளகிய ஆயிலை ஊற்றினேன். ஸ்டார்ட் ஆன சந்தோஷத்தில் கார்புரேட்டரைச் சரிசெய்ய ஐடிலிலேயே முக்கால் மணி நேரம் ஓடவிட்டேன். ஐடில்தான் கேமுக்குக் கொடுமையான நேரம். சுற்றும் வேகம் குறைவு, அதனால் ஆயில் படலமும் தெறிக்கும் ஆயிலும் குறைவு, ஸ்பிரிங் அழுத்தமோ முழுசாக இருக்கும். புதுக் கேம் என்றால் முதல் இருபது நிமிடம் 2000 சுற்றுக்குக் குறையாமல் ஓட வேண்டும் என்று அப்போது எனக்குத் தெரியாது. 1500 கிலோமீட்டரில் டிக் டிக் என்று சத்தம். வால்வு இடைவெளியைச் சரிசெய்தேன். ஒரே வாரத்தில் மறுபடி அதே வால்வு லூஸ். அந்த டேப்பட்டை வெளியே எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருக்க வேண்டிய அடிப்பக்கம் கிண்ணம் மாதிரிக் குழிந்திருந்தது. விரல் நுனியை வைத்தால் விளிம்பில் நகம் தட்டுப்பட்டது. கேமில் அந்த மூக்கு மட்டும் மழுங்கி, மற்றதைவிடக் கண்ணுக்குத் தெரிகிற அளவு குட்டையாக இருந்தது. தேய்ந்த இரும்புப் பொடியெல்லாம் எங்கே போயிருக்கும் என்று நினைத்தபோதுதான் நிஜமாகவே வயிற்றைப் பிசைந்தது. இன்ஜினை மறுபடி முழுதாகப் பிரித்தேன்.

உங்கள் 948இல் ஒரு வசதி உண்டு. மேனிஃபோல்டைக் கழற்றினால் பின்னால் இரண்டு பக்க மூடிகள் இருக்கும். ராக்கர் ஷாஃப்டைத் தூக்கி, புஷ்ராடுகளை வரிசை மாறாமல் எடுத்து வைத்துவிட்டு, அந்த மூடிகளைத் திறந்தால் டேப்பட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கலாம். கேமைக் கழற்ற வேண்டியதில்லை. எது எங்கிருந்து வந்ததோ அங்கேயே திரும்பப் போக வேண்டும், அது மட்டும் கவனம்.

ஒழுகல் பற்றி. இந்த இன்ஜினின் கிராங்க்ஷாஃப்ட் பின்பக்கம் ரப்பர் சீலே கிடையாது. ஷாஃப்டில் வெட்டிய திருகுமறை மாதிரியான பள்ளம் சுற்றும்போது ஆயிலைத் திரும்ப உள்ளே தள்ளும். இன்ஜின் நின்றால் அதுவும் நிற்கும், மிச்சம் இருப்பது கீழே வடியும். அந்தத் தொங்கும் பின், ஓட்டை அழுக்கில் அடைபடாமல் இருக்க வைத்தது. பிடுங்கிவிடாதீர்கள். "சிந்தெடிக் சீலைக் கெடுத்துவிடும்" என்று யாராவது சொன்னால், உங்கள் இன்ஜினின் அந்த மூலையில் கெடுவதற்கு சீலே இல்லை. ஆயில் இளகியது, அதனால் அதிகம் வடிகிறது, அவ்வளவுதான். இன்ஜினுக்குள் இருக்கும் காற்றை வெளியே விடும் பிரீதர் குழாய் அடைத்திருந்தாலும் உள்ளே காற்றழுத்தம் ஏறி ஆயிலை வெளியே தள்ளும், அதையும் சுத்தம் செய்யுங்கள்.


மைனர்948 எழுதியது:

அண்ணா, இவ்வளவு விளக்கமாக எழுதியதற்கு மிக்க நன்றி. வண்டியை நிறுத்திவிட்டேன். இரண்டு சந்தேகம். இருக்கிற ஆயிலை ஊற்றி 200 கிலோமீட்டர்கூட ஆகவில்லை, ஜிங்க் பாட்டில் கலந்து அதையே வைத்துக்கொள்ள முடியாதா? டீசல் ஆயில் யோசனை எப்படி?


முன்சக்கரம் எழுதியது:

புஷ்ராடு சொன்னது அறுபதுகளின் வண்டிக்கு மிகச் சரி. அதைவிட மூத்த வண்டி வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்து அப்படியே செய்துவிடக் கூடாதே என்பதற்காக எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது முப்பதுகளின் ஆஸ்டின் செவன், 747 சிசி. அதில் மாற்றுகிற மாதிரி ஃபில்டரே கிடையாது, சம்பில் (அடியில் உள்ள ஆயில் தொட்டியில்) ஒரு கம்பி வலை மட்டும்தான். இன்றைய ஆயிலில் டிடர்ஜென்ட் இருக்கிறது. அது கரித்தூளை ஆயிலிலேயே மிதக்க வைத்து ஃபில்டரில் கொண்டுபோய்ச் சேர்க்கும். ஃபில்டர் இல்லாத வண்டியில் அந்தத் தூள் சுற்றிச் சுற்றி வரும். டிடர்ஜென்ட் இல்லாத ஆயிலில் அது சம்பின் அடியில் கசடாகப் படிந்துவிடும். அந்தக் காலத்தில் அப்படித்தான் ஓடின.

உண்மையான ஆபத்து நடுவில் மாற்றுவதுதான். பல வருடம் டிடர்ஜென்ட் இல்லாத ஆயிலில் ஓடி, உள்ளே விரல் கனத்துக்குக் கசடு பிடித்த இன்ஜினில் திடீரென்று நவீன ஆயிலை ஊற்றினால், கசடு பெயர்ந்து வந்து ஆயில் வழிகளை அடைக்கலாம். என் இன்ஜினில் கிராங்குக்கு ஆயில் போவதே இரண்டு சிறிய ஜெட் வழியாகத்தான், அழுத்தமும் சில பி.எஸ்.ஐ மட்டுமே. அதில் ஒரு துணுக்கு அடைத்தால் பிக் எண்ட் பேரிங் போய்விடும். முழுவதும் பிரித்துச் சுத்தம் செய்த பிறகுதான் நான் டிடர்ஜென்ட் ஆயிலுக்கு மாறினேன். இப்போது 1000 கிலோமீட்டருக்கு ஒருமுறை வடித்துவிடுகிறேன்.


புஷ்ராடு எழுதியது:

முன்சக்கரம் சொன்னதை தம்பியும் ஒருமுறை பார்த்துக்கொள்ளட்டும். ராக்கர் கவரைத் திறந்து உள்ளே பாருங்கள். பழுப்பு நிறக் கறை மட்டும் என்றால் நிம்மதி. தார் மாதிரிக் கசடு இருந்தால் ஃப்ளஷ் ஆயில் எதுவும் ஊற்ற வேண்டாம். சாதாரண 20டபிள்யூ-50ஐ ஊற்றி 500 கிலோமீட்டரில் வடியுங்கள், மறுபடி 1000இல் வடியுங்கள். மெதுவாகக் கரையட்டும். மூடிக்கு அடியில் வெள்ளைக் களிம்பு மாதிரி இருந்தால் அது பெரும்பாலும் நீராவி. குறைந்த தூரம் மட்டும் ஓட்டினால் இன்ஜின் முழுதாகச் சூடாகாமல் ஈரம் உள்ளேயே தங்கிவிடும். கூலன்ட் குறைகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாட்டில் வேண்டாம். ஜிங்க் சேர்த்தாலும் 30 கிரேடு 50 ஆகப் போவதில்லை, விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கும். அதோடு அளவுக்கு மேல் சேர்த்தால் அதுவே உலோகத்தை அரிக்கும். ஆயிலை உருவாக்கியவர்கள் ஒன்றோடொன்று பொருந்தும்படி எல்லாவற்றையும் அளந்து சேர்த்திருக்கிறார்கள், அதில் நாம் கையை வைக்க வேண்டாம்.

டீசல் ஆயில் மோசமில்லை. 15டபிள்யூ-40இல் ஜிங்க் ஓரளவு நன்றாகவே இருக்கும். இப்போதுதான் ரீபோர் செய்த இறுக்கமான இன்ஜின் என்றால் நானே ஊற்றுவேன். விளக்கு எரிகிற உங்கள் இன்ஜினுக்கு என் ஓட்டு 20டபிள்யூ-50க்குத்தான்.

ஃபில்டர் பக்கம் ஈரம் என்றீர்கள், அதைச் சும்மா விடக் கூடாது. தொங்கும் கிண்ணத்தைக் கழற்றினால் மேலே தலைப்பகுதியில் ஒரு பள்ளம், அதில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். பழைய வளையம் கறுத்து இறுகி, வார்ப்பிரும்பின் ஒரு பகுதி மாதிரியே ஒட்டிக்கிடக்கும். அது இருப்பது தெரியாமல் அதன் மேலேயே புதியதை வைத்துவிடுவார்கள். வளைத்த ஊசி முனையால் சுற்றிலும் கிளறிப் பாருங்கள். கிண்ணத்துக்குள் ஸ்பிரிங், அதன் மேல் இரும்பு வாஷர், அதற்கு மேல் ஃபெல்ட் வாஷர், பிறகு தட்டு, அதன் மேல் ஃபில்டர். இதில் எது விட்டுப்போனாலும் ஆயில் வடிகட்டாமலே பக்கவாட்டில் நழுவிப் போகும்.

மொத்தம் சுமார் மூன்றே முக்கால் லிட்டர் பிடிக்கும். ஊற்றியதும் ஸ்டார்ட் செய்ய வேண்டாம். பிளக்குகளைக் கழற்றிவிட்டு, விளக்கு அணையும் வரை ஸ்டார்ட்டரில் சுற்றவிடுங்கள். கையில் உறை போட்டுக்கொள்ளுங்கள், பழைய ஆயில் தோலுக்கு ஆகாது. வருடத்துக்கு 500 கிலோமீட்டர்தான் ஓட்டினாலும் வருடம் ஒருமுறை மாற்றிவிடுங்கள். நின்ற வண்டியிலும் ஆயிலில் அமிலம் சேரும்.

ஒன்று மறந்துவிட்டேன். உங்கள் கியர்பாக்ஸுக்கும் இதே இன்ஜின் ஆயில்தான். 90 நம்பர் ஹைப்பாய்டு ஆயில் (கெட்டியான கியர் ஆயில்) பின் ஆக்சிலுக்கு மட்டும். பட்டறையில் மாற்றி ஊற்றியிருக்கிறார்களா என்று ஒரு விரலை விட்டு மோந்து பாருங்கள், ஹைப்பாய்டு ஆயிலின் கந்தக வாடை தனியாகத் தெரியும்.


மைனர்948 எழுதியது:

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

ரப்பர் வளையம் இரண்டு இருந்தது. அடியில் இருந்தது கல் மாதிரி இறுகியிருந்தது, நான்கு துண்டாகத்தான் வந்தது. கிண்ணத்துக்குள் ஃபெல்ட் வாஷரைக் காணவில்லை. அதைத் தேடி வாங்கத்தான் இத்தனை நாள். பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அப்பாவிடம், ஃபில்டரைக் கழற்றிவிட்டேன் என்றதும் அவர் கேட்ட முதல் கேள்வி: "பழைய ரப்பரை எடுத்தியா?" முதலிலேயே அவரிடம் விவரமாகக் கேட்டிருக்கலாம். அவர் கையில் அந்தத் துண்டுகளைக் கொடுத்தேன், விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இது நான் போட்டதுதான்" என்றார்.

ராக்கர் கவருக்குள் பழுப்புக் கறை மட்டும்தான். பாஸ்பரஸ் 0.11 சதவீதம் உள்ள 20டபிள்யூ-50 ஊற்றினேன். சுற்றவிட்டதில் விளக்கு அணையக் கொஞ்ச நேரம் ஆனது, பிறகுதான் ஸ்டார்ட் செய்தேன். கேஜ் மாட்டி, ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டுப் பார்த்தால் ஐடிலில் 18, ஓட்டத்தில் 55. விளக்கு எரியவே இல்லை. ஃபில்டர் பக்கம் காய்ந்திருக்கிறது. அந்தத் தொங்கும் கம்பிப் பின்னுக்கு அடியில் அட்டை வைத்துப் பார்த்தேன், ராத்திரி முழுக்க நான்கு சொட்டு. கியர்பாக்ஸில் கந்தக வாடை இல்லை.

மேனிஃபோல்டு நட்டுகளுக்குத் துரு இளக்கும் ஆயில் அடித்து ஊறவிட்டிருக்கிறேன். வரும் ஞாயிறு டேப்பட்டுகளை எடுத்துப் பார்க்கப் போகிறேன். ஒரு அட்டையில் எட்டு ஓட்டை போட்டு எண் எழுதிவைத்திருக்கிறேன், புஷ்ராடு வரிசை மாறாது. அடிப்பக்கத்தின் படங்களை இங்கேயே போடுகிறேன், அண்ணா பார்த்துச் சொல்ல வேண்டும்.


புஷ்ராடு எழுதியது:

18 நல்ல அளவு. படம் எடுக்கும்போது வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து விழட்டும், நேராக விழுந்தால் குழி தெரியாது. ஒரு இரும்பு ஸ்கேலின் விளிம்பை டேப்பட்டின் அடியில் குறுக்காக நிறுத்தி, நடுவில் வெளிச்சம் தெரிகிறதா என்றும் பாருங்கள். திரும்ப மாட்டும்போது ஒவ்வொன்றின் அடியிலும் புது ஆயிலைத் தடவிவிட்டு இறக்குங்கள்.